ஒரு கடைக்கு இரண்டு கணக்கேடுகள்

கைத்தறிச் சேலை விற்கும் சிறு வணிகர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவரிடம் இரண்டு உதவியாளர்கள் இருக்கின்றனர். ஒருவர் கடை வாயிலில் நின்று, சேலையின் சிறப்பை வருவோர்க்கு எடுத்துரைப்பவர். மற்றவர் உள்ளே அமர்ந்து, பணம் வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுப்பவர். இருவரும் தத்தம் தொழிலில் வல்லவர்களே. ஆயினும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. வாயிலில் நிற்பவர், ‘இந்தச் சேலை 5,000 ரூபா’ என்கிறார். உள்ளே இருப்பவரோ, ‘6,000 ரூபா’ என்கிறார். வாங்க வந்தவர் இருவரில் எவரையும் நம்பாமல் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

இணையத்தில் கடை வைப்போர் பலருக்கு நேரும் இடர் இத்தகையதே. அங்கே வாயிலில் நிற்பவருக்கு உள்ளடக்க முகாமைத்துவ மென்பொருள் என்று பெயர். நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டுரைகளையும் படங்களையும் இணையத்தளத்தில் ஏற்றவும் திருத்தவும் இது துணைசெய்கிறது. 2001இல் வெளிவந்த துரூப்பலும், 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸும் இவ்வகையைச் சேர்ந்தவை. உள்ளே இருப்பவருக்குக் கொள்வனவுக் கூடை மென்பொருள் என்று பெயர். 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியில் தோன்றிய ஓஎஸ்கொமேர்ஸ் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இவ்விரு வகை மென்பொருள்களையும் பிழையின்றி இணைப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் கூடையைப் பற்றி ஒரு சொல். இணையத்தில் பக்கங்களை வழங்கும் கணினி இயல்பாகவே மறதி மிக்கது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டீர்கள், அது தந்தது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, முன்னர் வந்தவரும் நீங்களே என்பதை அது அறியாது. இத்தகைய மறதிக்காரரிடம் கூடையை ஒப்படைப்பது எங்ஙனம்? 1994இல் நெட்ஸ்கேப் கொம்பனியிற் பணியாற்றிய லூ மொன்ருல்லி என்னும் பொறியியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். வருபவரின் உலாவியிலேயே ஒரு சிறு அடையாளச் சீட்டை வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் உலாவி அதைக் காட்டும். கணினியும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். குக்கி என்று இன்று வழங்கும் அச்சீட்டு, கொள்வனவுக் கூடையின் தேவையை ஒட்டியே பிறந்தது.

இனி, இணைப்புக்கு வருவோம். தொடக்க காலத்தில் பலர் கட்டுரைகளுக்கு ஒரு மென்பொருளையும் விற்பனைக்கு வேறொரு மென்பொருளையும் பக்கத்திற் பக்கத்தில் நிறுவினர். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கேடுகள் இருந்தன. வாடிக்கையாளர் இரண்டு முறை பெயர் பதிந்து, இரண்டு கடவுச்சொற்களை நினைவில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஓர் ஏட்டில் விலையைத் திருத்தினால் மற்றதில் பழைய விலை நின்றது. விற்றுத் தீர்ந்த பொருளைக் கட்டுரைப் பக்கம் இன்னும் புகழ்ந்துகொண்டிருந்தது.

இதற்கு மருந்து ஒரே ஒரு விதியில் அடங்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் உரிமையாளரே இருக்கவேண்டும். விலையைச் சொல்லும் அதிகாரம் ஓர் ஏட்டுக்கே உரியது. கையிருப்பைச் சொல்லும் அதிகாரமும் அவ்வாறே. மற்றப் பக்கங்கள் யாவும் அந்த ஏட்டைக் கேட்டுச் சொல்லவேண்டுமேயன்றி, தாமாக ஒரு படியை எழுதி வைத்துக்கொள்ளலாகாது. படி எழுதப்பட்ட கணத்திலிருந்தே அது பழையதாகத் தொடங்கிவிடுகிறது.

2011இல் வெளிவந்த வூகொமேர்ஸ், இவ்விதியை ஒரு நேர்வழியிற் கைக்கொண்டது. அது தனி மென்பொருளாக நில்லாமல், வேர்ட்பிரஸுக்குள்ளேயே பொருந்தும் செருகுநிரலாக அமைந்தது. கட்டுரையைப் போன்றே விற்பனைப் பொருளும் ஒரு பதிவாயிற்று. பயனர் பட்டியல் ஒன்று, கடவுச்சொல் ஒன்று, விலைக்கு இடம் ஒன்று. இரண்டு உதவியாளரும் ஒரே மேசையில் அமர்ந்தனர் எனலாம்.

ஆனால் ஒன்றாக்குதலிலும் ஓர் எல்லை உண்டு. பொருள்களை மட்டுமன்றி, வாடிக்கையாளரின் கட்டளைகளையும் அதே கட்டுரை அட்டவணையிலேயே அது எழுதிவந்தது. கட்டுரை ஏடு, கட்டுரைக்கென வகுக்கப்பட்டது. ஒரு கட்டளையின் பெயர், முகவரி, தொகை ஆகியவை அங்கே பல வரிகளாகச் சிதறின. கடை பெருகியபோது, தேடுதலும் பதிதலும் மந்தமாயின. ஆகவே கட்டளைகளுக்குத் தனி அட்டவணைகள் வகுக்கப்பட்டன. 2023 ஒக்டோபரில் வெளிவந்த 8.2ஆம் பதிப்பிலிருந்து, புதிதாகத் தொடங்கும் கடைகளுக்கு அதுவே வழக்கமான முறையாயிற்று. இணைத்தல் என்பது எல்லாவற்றையும் ஒரே பெட்டியிற் கொட்டுவதன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கட்டுரை பலமுறை படிக்கப்படுவது; கட்டளையோ ஒருமுறை தவறினாலும் பணமிழப்பைத் தருவது.

இவ்வேறுபாட்டை மறந்தால் பெருங்கேடு விளையும் இடம் ஒன்றுண்டு. பலரும் படிக்கும் பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்காமல், ஆயத்தமான ஒரு தற்காலிகப் படியை எல்லோருக்கும் கொடுத்தால் தளம் விரைவாக இயங்கும். கட்டுரைக்கு இது மிக நல்ல முறை. கூடைக்கோ இது நஞ்சு. என் கூடையின் படி உங்களுக்குக் கொடுக்கப்பட்டால், என் பெயரும் முகவரியும் உங்கள் கண்முன் தோன்றும். 2015 டிசெம்பர் 25ஆம் திகதி, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் பெருங்கடையில் இத்தகையதே நிகழ்ந்தது. தளத்தின் மீது தொடுக்கப்பட்ட தாக்குதலைத் தணிக்க முயன்றபோது, தற்காலிகப் படிகளைப் பற்றிய ஓர் அமைப்புப் பிழையால், ஒருவருக்குரிய பக்கங்கள் மற்றவர்க்குக் காட்டப்பட்டன. ஏறத்தாழ 34,000 பேர் இதனாற் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கடையை நடத்தும் வால்வ் கொம்பனியே அறிவித்தது. பெருங்கடைக்கே இது நேருமாயின், சிறு கடையினர் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்! கூடைப் பக்கம், பணம் செலுத்தும் பக்கம், வாடிக்கையாளரின் சொந்தக் கணக்குப் பக்கம் ஆகிய மூன்றையும் தற்காலிகப் படி முறையிலிருந்து விலக்கியே ஆகவேண்டும்.

அடுத்தது பணம். கடனட்டை இலக்கத்தைக் கடைக்காரர் தம் கணினியில் வைத்துக்கொள்ளாதிருப்பதே நன்று. அட்டையின் பாதுகாப்பு எண்ணைப் பணம் அங்கீகரிக்கப்பட்ட பின்னர்ச் சேமித்து வைத்தலை, அட்டைத் தொழிலின் பொது விதிகள் அடியோடு தடுக்கின்றன. பணத்தைப் பெறும் வேலையை அதற்கென அமைந்த சேவை நிறுவனத்திடம் விட்டுவிடலாம். ஆனால் அங்கும் ஒரு நுட்பம் உண்டு. வாடிக்கையாளர் பணம் செலுத்தியபின், கடையின் பக்கத்துக்குத் திரும்பி வருமுன்னரே மின்சாரம் போய்விடலாம். அவர் திரும்பி வருவதைக்கொண்டே பணம் வந்ததென்று கடை கணிக்குமாயின், பணம் போயிருக்கும், கட்டளை பதிவாகியிராது. ஆகவே சேவை நிறுவனத்தின் கணினி, கடையின் கணினிக்கு நேராகச் செய்தி அனுப்பவேண்டும். அச்செய்தி தவறுதலாக இருமுறை வந்தாலும், கடை அதை ஒருமுறையே கணக்கிற் கொள்ளவேண்டும்.

கடைசியாக எஞ்சியிருக்கும் ஒரு சேலையை ஒரே நேரத்தில் இருவர் கூடையில் இட்டால் யாருக்கு அது உரியது? கூடையில் இடுதல் வாங்குதலாகாது. வூகொமேர்ஸில், பணம் செலுத்தப்படாத கட்டளைக்காகப் பொருளை எத்தனை நிமிடம் ஒதுக்கி வைப்பதென்று குறிக்கலாம். வழக்கமாக அது 60 நிமிடங்களாக வைக்கப்பட்டிருக்கும். அந்நேரம் கடந்தால் கட்டளை நீங்கிப் பொருள் மீண்டும் விற்பனைக்கு வரும். இந்த எண்ணை வணிகர் தம் வணிகத்தின் தன்மைக்கேற்பத் தாமே தீர்மானித்தல் வேண்டும்.

நேயர்களே, இவற்றை நிரலாக எழுதுவது பொறியியலாளர் வேலை. ஆயினும் கேள்வி கேட்பது கடைக்காரர் கடமை. விலைக்கு உரிய ஏடு எது? கையிருப்பு எங்கே குறைக்கப்படுகிறது? கூடைப் பக்கத்துக்குத் தற்காலிகப் படி உண்டா? பணம் வந்ததைக் கடைக்கு அறிவிப்பது யார்? இந்நான்கையும் கேட்டறிந்தபின், கடையைத் திறக்குமுன் தம் கைப்பணத்திலேயே ஒரு பொருளை வாங்கிப் பார்க்கட்டும். இடையிலே உலாவியை மூடிப் பார்க்கட்டும். இரண்டு கைபேசிகளில் ஒரே பொருளைக் கூடையிலிட்டுப் பார்க்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் பணத்தை முன்கூட்டிக் கொடுத்துவிட்டு, பொருள் வரும் என்று காத்திருப்பவர் இணையக் கடையின் வாடிக்கையாளர். கடைக்காரரின் முகத்தை அவர் காண்பதில்லை. கணக்கை மட்டுமே காண்கிறார். அந்தக் கணக்கு இரண்டு நாவாற் பேசாதிருத்தல் வேண்டும்.