டூன் பள்ளி: தகுதியும் வாய்ப்பும்

'பப்ளிக் ஸ்கூல்' என்ற பெயரைக் கேட்கும் எவரும் அதைப் பொதுமக்களுக்குரிய பள்ளி என்றே முதலில் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தனி ஆசிரியரை அமர்த்திக் கற்பிப்பது செல்வர்களின் வழக்கமாக இருந்த இங்கிலாந்தில், ஊர் வேறுபாடின்றிக் கட்டணம் செலுத்தும் எவரும் சேரக்கூடிய பள்ளிகளுக்கு இப்பெயர் வழங்கலாயிற்று. கட்டணம் என்னும் வாயிற்படியைக் கடந்தவர்க்கே அவை பொது. இந்தியாவில் இவ்வகைப் பள்ளிகளுள் மிகுதியும் பேசப்படுவது டேராடூனில் உள்ள டூன் பள்ளி. அதன் வாழ்வையும் கல்வியையும் ஆராய்வது ஒரு பள்ளியின் புகழ் பாடுவதற்கன்று. தகுதிக்கு இடம் தருவது என்ற கொள்கை நடைமுறையில் யாருக்கு இடம் தருகிறது என்பதை அறிய அது ஒரு நல்ல சான்று.

இப்பள்ளியைக் கனவு கண்டவர் வங்காளத்தின் வழக்கறிஞர் சதீஷ் ரஞ்சன் தாஸ். வைஸ்ராயின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். தேசபந்து சித்தரஞ்சன் தாசின் உறவினர். அக்காலத்தில் இந்நாட்டில் இருந்த உயர்தர உறைவிடப் பள்ளிகள் பெரும்பாலும் சுதேச மன்னர்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை. 1875 இல் ஆஜ்மீரில் நிறுவப்பட்ட மேயோ கல்லூரிக்குத் தொடக்க காலத்தில் இளவரசர்கள் தங்கள் பணியாட்களுடனும் குதிரைகளுடனும் வந்து சேர்ந்தனர். தாஸ் விரும்பியது வேறு வகைப் பள்ளி: சாதி, சமய, மாகாண வேறுபாடின்றி இந்தியச் சிறுவர்கள் ஒன்றாக உண்டு, உறங்கி, கற்கும் இடம். அதற்காக இந்தியப் பப்ளிக் ஸ்கூல் சங்கம் நிறுவப்பட்டது. நிதி திரட்ட அவர் அலைந்தார். ஆனால் பள்ளியைக் காணாமலேயே 1928 இல் காலமானார். ஏழாண்டுகள் கழித்து, வன ஆராய்ச்சி நிலையம் முன்பு இயங்கி வந்த சாந்த்பாக் வளாகத்தில், 1935 செப்டம்பர் 10 அன்று பள்ளி தொடங்கியது. முதல் தலைமையாசிரியர் ஆர்தர் ஃபுட், ஈட்டன் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர்.

ஆங்கிலேயர் ஒருவரின் தலைமையில், வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு முறைப்படி திறந்துவைத்த பள்ளி அது. எனினும் அதே ஆண்டில் அது தன் பள்ளிப் பாடலாக ஏற்றுக்கொண்டது 'ஜன கண மன'. அரசியல் நிர்ணய சபை அப்பாடலை நாட்டுப் பண்ணாக ஏற்றது 1950 ஜனவரி 24 அன்றுதான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் சிறப்பு விளங்கும்.

பள்ளியின் அன்றாட வாழ்வு மணியோசையால் ஆளப்படுவது. விடியற்காலையில் 'சோட்டா ஹாஸிரி' எனப்படும் தேநீர், அதன்பின் உடற்பயிற்சி, பின்னர் வகுப்புகள், மாலையில் விளையாட்டு, இரவில் மேற்பார்வையுடன் கூடிய படிப்பு. மாணவர்கள் இல்லங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளனர். ஹைதராபாத், காஷ்மீர், ஜெய்ப்பூர், டாட்டா ஆகியவை பழைய இல்லங்கள். பின்னர் ஓபராய் இல்லம் சேர்ந்தது. பெயர்களே நன்கொடையின் வரலாற்றைச் சொல்லிவிடுகின்றன. ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் ஆசிரியர் வழிகாட்டியாக அமைகிறார். மதிப்பெண் குறைந்தால் மட்டுமன்றி, முகம் வாடினாலும் கேட்பதற்கு ஒருவர் உண்டு.

பாடத்திட்டத்தில் பெரும் புதுமை எதுவும் இல்லை. ஒரு காலத்தில் கேம்பிரிட்ஜ் தேர்வுகள், பின்னர் இந்தியப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு, 2006 முதல் அதனுடன் சர்வதேச பாக்கலோரியா என்ற படிப்பு. தேர்வுக்குத் தயார் செய்யும் பணியை இன்று பல பள்ளிகள் இதைவிடக் கடுமையாகவே செய்கின்றன. இப்பள்ளியின் தனித்தன்மை வகுப்பறைக்கு வெளியே உள்ளது. 'டூன் ஸ்கூல் வீக்லி' என்ற வார இதழை 1936 முதல் மாணவர்களே நடத்தி வருகின்றனர். பள்ளி நடைமுறைகளைக் குறை கூறும் கட்டுரைகளும் அதில் இடம்பெறும். 'ரோஸ் பவுல்' எனப்படும் திறந்தவெளி அரங்கு மாணவர்களின் உடலுழைப்பால் உருவானது. சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணி என்று கல்விக் கொள்கைகள் பிற்காலத்தில் பெயரிட்டதை இப்பள்ளி முன்னரே கடைப்பிடித்தது.

பருவத்தின் நடுவே சில நாள் விடுப்பில் மாணவர்கள் சிறு குழுக்களாக மலைப்பகுதிகளுக்குச் செல்கின்றனர். உயர் வகுப்பினர் பாதையைத் தாமே வகுத்து, உணவைத் தாமே சமைத்து, செலவுக் கணக்கையும் தாமே எழுதுகின்றனர். இந்த மரபு வீண்போகவில்லை. இப்பள்ளியின் ஆசிரியர் குர்தியால் சிங் தலைமையில் சென்ற குழு 1951 இல் 7,120 மீட்டர் உயரமுள்ள திரிசூல் சிகரத்தை அடைந்தது. இந்திய மலையேற்றத்தின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது என்பர். 1954 இல் டார்ஜிலிங்கில் அமைந்த இமாலய மலையேற்ற நிலையத்தின் முதல் தலைவர் நந்து ஜயால் இப்பள்ளியில் பயின்றவர்.

இவற்றுள் எவை பணச்செலவு மிகுந்தவை? பரந்த வளாகம், குறைந்த மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் ஆகியவை ஐயமின்றிச் செலவு மிகுந்தவை. ஆனால் மாணவர் நடத்தும் இதழ், உடலுழைப்பு, நான்கு நாள் மலைப்பயணம், குறையைக் கேட்க ஓர் ஆசிரியர் ஆகியவற்றிற்கு வேண்டுவது பணத்தைவிட நேரமும் நம்பிக்கையுமே. இவை அரசுப் பள்ளிகளுக்கு எட்டாதவை என்று சொல்வதற்கில்லை.

டூன் மாணவர்கள் உயர்குடியினராக வெளியேற வேண்டும். ஆனால் அம்மேன்மை செல்வத்தாலோ சலுகையாலோ அன்றித் தொண்டால் வருவதாக இருக்க வேண்டும் என்பது ஃபுட்டின் கருத்து. உயர்ந்த கருத்துதான். எனினும் தொண்டால் வரும் மேன்மைக்கு உள்ளே நுழையும் வழி எது என்ற கேள்வி அங்கேயே தங்கிவிட்டது. பள்ளியில் சேர்க்கை ஏழாம், எட்டாம் வகுப்புகளில் நடைபெறுகிறது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்வு உண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் ஆங்கிலம் அவனுடைய அறிவாற்றலை அளப்பதைவிட, அவனுடைய தாய் தந்தையர் முதல் ஆறு ஆண்டுகளில் அவனை எந்தப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது என்பதையே மிகுதியும் அளக்கிறது. ஆண்டுக் கட்டணமோ இன்று பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் பெற்றுப் பயில்வோர் இருக்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தேர்வு எழுதவே முடியாதவனுக்கு உதவித்தொகையால் பயன் இல்லை. பெண் குழந்தைகளோ கணக்கிலேயே இல்லை. இது ஆண்கள் பள்ளி.

நாட்டின் கல்விக் குழுக்கள் இதை உணராமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53 இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, இத்தகைய பள்ளிகள் அப்போதைக்கு நீடிக்கலாம், ஆனால் அரசு மானியம் படிப்படியாகக் குறைந்து அவை தம் காலில் நிற்க வேண்டும், தகுதியுள்ள ஏழை மாணவர்க்கு அரசுச் செலவில் இடங்கள் வேண்டும் என்று கூறியது. 1964-66 இல் பணியாற்றிய கோத்தாரி குழு இன்னும் ஒரு படி மேலே சென்று, நல்ல கல்வி கட்டணம் செலுத்த வல்லவர்க்கே கிடைக்கும் நிலையைக் கண்டித்துப் பொதுப் பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. அதன்பின் வந்த 1968 தேசியக் கல்விக் கொள்கை, பப்ளிக் ஸ்கூல்கள் தகுதி அடிப்படையில் மாணவரைச் சேர்க்க வேண்டும், வகுப்புப் பிரிவினையைத் தவிர்க்க ஒரு குறிப்பிட்ட விகிதம் இலவச இடங்கள் தர வேண்டும் என்றது. அந்த விகிதம் எவ்வளவு என்பதைக் கொள்கை சொல்லவில்லை.

விகிதத்தைச் சொல்வதற்குப் பதிலாக அரசு வேறொரு வழியை மேற்கொண்டது. டூன் பள்ளியில் பயின்ற ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, ஜஜ்ஜாரிலும் அமராவதியிலும் 1985-86 இல் முதல் இரு நவோதயா வித்யாலயங்கள் தொடங்கப்பட்டன. உறைவிடம், உணவு, சீருடை, நூல்கள் யாவும் இலவசம். நான்கில் மூன்று பங்கு இடங்கள் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. ஆறாம் வகுப்புச் சேர்க்கைத் தேர்வில் மனத்திறன், கணிதம், மொழி ஆகியவை உண்டு. மொழி ஆங்கிலமாகவே இருக்க வேண்டியதில்லை. டூன் பள்ளியின் தேர்வோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். (மும்மொழி ஏற்பாட்டைக் காரணம் காட்டித் தமிழ்நாடு இத்திட்டத்தை ஏற்கவில்லை, அந்த விவாதம் தனியே பேசத்தக்கது.) ஆயினும் ஒரு பள்ளியில் ஓராண்டிற்கு 80 இடங்களே. மாவட்டத்தில் தேர்வெழுதும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுள் எஞ்சியோர் தங்கள் பழைய பள்ளிக்கே திரும்புகின்றனர். அப்பள்ளியிலிருந்து சிறந்த மாணவர் சிலர் பிரிந்து போனதே மிச்சம்.

1968 இல் சொல்லாமல் விட்ட விகிதத்தை 41 ஆண்டுகள் கழித்து, 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. மானியம் பெறாத தனியார் பள்ளிகளும் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு அளிக்க வேண்டும். ஆனால் சட்டம் குறிப்பிடுவது முதலாம் வகுப்பு. முன்பருவக் கல்வி இருப்பின் அதற்கும் இது பொருந்தும். ஏழாம் வகுப்பில் தொடங்கும் பள்ளியில் முதலாம் வகுப்பு ஏது? நாட்டின் செல்வம் மிகுந்த பள்ளிகளுள் சில, எவருடைய சூழ்ச்சியும் இன்றி, ஒரு சொல்லின் பொருளாலேயே கடமையிலிருந்து விலகி நிற்கின்றன. இப்பள்ளிகள் அறநிலையங்கள் என்ற முறையில் வருமான வரி விலக்கையும் பெறுகின்றன. எனவே பொதுப் பணம் அங்கே செல்லவில்லை என்று கூற முடியாது. அது கருவூலத்திலிருந்து வெளியேறாமல், கருவூலத்திற்கு வராமல் நிற்கிறது.

சேர்க்கை தொடங்கும் வகுப்பு எதுவோ அந்த வகுப்பிற்கு 25 சதவீதம் என்று சட்டத்தைத் திருத்துவது எளிது. கடினம் அதற்குப் பின் வருவது. சட்டப்படி அரசு ஈடு செய்யும் தொகை, தன் பள்ளியில் ஒரு குழந்தைக்குத் தான் செலவிடும் அளவிற்கோ பள்ளி வசூலிக்கும் கட்டணத்திற்கோ, எது குறைவோ அதற்கு உட்பட்டது. பகல் நேரப் பள்ளியின் கணக்கு அது. உறைவிடம், உணவு, மலைப்பயணத்திற்கான காலணி ஆகியவற்றின் செலவு அதில் அடங்காது. எஞ்சிய தொகையைப் பள்ளியின் அறக்கட்டளை ஏற்பதா, முன்னாள் மாணவர்கள் ஏற்பதா, மற்ற மாணவர்களின் கட்டணத்தில் சேர்ப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டும். அதைவிட முக்கியமானது, தாய்மொழியில் ஆறு ஆண்டுகள் பயின்று வரும் சிறுவனுக்கு முதல் ஆண்டு முழுவதும் ஆங்கிலம் கற்பிக்க ஓர் ஆசிரியரைத் தனியே அமர்த்துவது. நேரு உள்ளிட்ட தலைவர்கள் வந்து சென்ற அந்த வளாகத்தில் அதற்கு ஓர் அறை ஒதுக்குவது பெரும் செலவன்று.