வாங்குபவர் பழக்கமும் நம் வணிகமும்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டையொட்டி குவீன்ஸ்டவுனில் நடந்த குடும்ப தினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பின்பக்கத்திலிருந்து பிரியாணி வாசனை வரத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் மேடை ஏறுகிறவர்கள் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது ஐம்பது ஆண்டு அனுபவமுள்ள சங்கத்தின் எழுதப்படாத விதி. முயல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வாங்குபவரின் பழக்கமும் விருப்பமும் இன்றைய வணிகத்தை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் இளைய வணிகர்களாகிய எங்களுக்குக் கொடுத்த தலைப்பு. எங்களில் பலர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தவர்கள். அங்கே இதற்கென்று ஒரு பாடமே உண்டு. விலை, தரம், இடம், விளம்பரம் என்று கட்டம் போட்டுக் காட்டுவார்கள். கல்லாவுக்குப் பின்னால் நின்ற பிறகுதான் வேறொன்று புரிந்தது. 'எதுவானாலும் பரவாயில்லை' என்று வாங்கிப் போகும் நூறு பேரால் ஒரு கடை மாறுவதில்லை. 'இப்படித்தான் வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம்' என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போகும் பத்துப் பேரால் மாறிவிடுகிறது.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரையே பார்ப்போம். குவீன்ஸ்டவுன் சிங்கப்பூரின் முதல் துணை நகரம். 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டி வைத்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய கட்டுமானத்தை 1960இல் வீவக ஏற்றுக்கொண்டது. நாட்டின் முதல் கிளை நூலகம் 1970இல் இங்கேதான் திறந்தது. ஸ்டெர்லிங் ரோட்டில் முஜாஹிதீன் பள்ளிவாசல் 1977இல் எழுந்தது. அன்று இங்கே குடிவந்தவர்கள் தொழிலாளிகள், சிறு சம்பளக்காரர்கள். வீட்டில் பிள்ளைகள் அதிகம், குளிர்பதனப் பெட்டி எல்லா வீட்டிலும் இல்லை. ஆகவே அன்றாடம் வாங்கினார்கள், கொஞ்சமாக வாங்கினார்கள், சம்பளத்துக்கு முன்பே வாங்கினார்கள்.

இந்த மூன்று பழக்கத்திலிருந்து பிறந்ததுதான் மாமா கடை. முதலில் ஐந்தடி நடைபாதையில் மரத் தட்டுகளை அடுக்கி வைத்த கடை, பிறகு வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் ஒரு மூலை. மிட்டாய் தனித்தனியாக, வெங்காயம் கையளவு, தலைவலி மாத்திரை இரண்டே இரண்டு. கடன் எழுத '555' என்று அட்டையில் அச்சிட்ட சின்ன நோட்டு. நம் பெரியவர்கள் ஏதோ தனித் திறமையால் இப்படி ஒரு கடையைக் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. பெருமை இருக்கட்டும். அந்தக் கடையை வடிவமைத்தவர்கள் எதிர்வீட்டுச் சீன அன்ட்டியும், மேல்மாடி மலாய் மக்சிக்கும், மாதக் கடைசியில் கை வறண்டு வந்த நம் ஆட்களும்தான். நம்மவர்கள் செய்தது, அவர்கள் கேட்டதைக் காது கொடுத்துக் கேட்டது. அதுவே பெரிய திறமை.

தாயகத்திலும் இதே கதை ஒன்று உண்டு. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர், பெரிய புட்டியில் ஷாம்பு வாங்க முடியாதவர்களுக்காக அதைச் சின்னப் பையில் அடைத்து விற்கலாம் என்று யோசித்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு, பிறகு 50 காசுப் பையாகக் கிராமத்துப் பெட்டிக்கடைகள் வரை தொங்கியது. நாள்கூலி வாங்குகிறவர் நாள்கணக்கில்தான் வாங்குவார். பன்னாட்டு நிறுவனங்களும் கடைசியில் அந்தப் பை அளவுக்கு இறங்கி வந்தன.

சரி, பழக்கம் மாறினால்? 1973இல் விலைவாசி ஏறியபோது தோ பாயோவில் என்டியுசி வெல்கம் திறந்தது. அதுதான் பின்னால் ஃபேர்பிரைஸ் ஆனது. விலையைச் சீட்டில் ஒட்டி வைத்தார்கள். பேரம் இல்லை, கடன் இல்லை. 1988இல் இங்கே எம்ஆர்டி வந்தது. வாராவாரம் தேக்காவுக்குப் போய் மொத்தமாக வாங்கி வருவது எளிதானது. வீட்டில் குளிர்பதனப் பெட்டி பெரிதானது, பிள்ளைகள் குறைந்தார்கள். சிகரெட்டை நம்பியிருந்த கடைகளுக்கு இன்னோர் அடி: 2017 ஆகஸ்டு முதல் அதைக் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது, 2021 முதல் 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. இதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அந்த லாபம் போனதே நல்லது.

2014இல் தங்ளின் ஹால்ட்டில் 31 புளோக்குகளை இடித்துக் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஹொக்கியென் மொழியில் 'சாப் லாவ்' என்று எல்லாரும் சொன்ன பத்து மாடி வீடுகள். அங்கிருந்தவர்களில் பலர் டாசனின் உயரமான புதிய வீடுகளுக்குப் போனார்கள். அதே டாசனில் இளம் தம்பதிகளும் குடியேறினார்கள். இன்று ஒரே மின்தூக்கியிலிருந்து இரண்டு விதமான வாடிக்கையாளர்கள் இறங்குகிறார்கள். ஒருவர் எழுபதைத் தாண்டியவர். இரண்டு பொருள் வாங்குவார், சில்லறை எண்ணிக் கொடுப்பார், பத்து நிமிடம் பேசுவார். அந்தப் பேச்சும் அவர் வாங்க வந்ததில் சேர்த்தி. மற்றவர் முப்பது வயதுக்காரர். காதில் கருவி, கையில் கைப்பேசி. கியூஆர் குறியீடு இல்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிவிடுவார். இந்த இருவரையும் ஒரே கடையில் வைத்துக்கொள்வதுதான் இப்போது எங்கள் தொழில்.

நாம் விற்கிறவர்கள் மட்டும் அல்ல, வாங்குகிறவர்களும்தானே. வாங்குகிறவர்களாக நாம் இந்த நாட்டில் செய்த ஒரு மாற்றத்தை நம் பிள்ளைகள் கவனித்திருக்கிறார்களா தெரியவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் முஸ்லிம்கள் 15.6 சதவீதம். நூற்றுக்குப் பதினாறு பேர்கூட இல்லை. ஆனால் மெக்டோனல்ட்ஸ் 1992 முதல் இங்கே ஹலால் சான்றிதழோடு நடக்கிறது. நூறு பேருக்கும் அதே சமையலறைதான். ஏன்?

அலுவலகத்தில் ஐந்து பேர் மதியம் ஒன்றாகச் சாப்பிடப் போகிறார்கள் என்று வையுங்கள். நான்கு பேர் எங்கேயும் சாப்பிடுவார்கள். ஐந்தாவது ஆள் நம் பாத்திமா. அவர் சண்டை போட மாட்டார், 'நீங்கள் போய்வாருங்கள்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். நண்பர்கள் விடுவார்களா? ஐந்து பேரும் சாப்பிடக்கூடிய இடத்துக்குத்தான் போவார்கள். சான்றிதழ் இல்லாத கடை இழந்தது ஒருவரை அல்ல, ஐந்து பேரை. பிறந்தநாள் விருந்து, பள்ளி நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. முயிஸ் 1978இல் ஹலால் சான்றிதழ் வழங்கத் தொடங்கியபோது அது நம் நம்பிக்கைக்கான ஏற்பாடு. பிறகு மற்றவர்களுக்கும் அது வணிகக் கணக்காகிவிட்டது. யாரும் ஊர்வலம் போகவில்லை. நம் தாய்மார்களும் பிள்ளைகளும் விட்டுக்கொடுக்காமல் ஒரே பழக்கத்தை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதே பழக்கம் இப்போது நம் கடை வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது. முன்பெல்லாம் பாயுடைய கடை என்றால் கேள்வி கிடையாது. இன்று இளையர்கள், 'உரிமையாளர் முஸ்லிம் என்ற பலகை சரி, முயிஸ் சான்றிதழ் எங்கே?' என்று கேட்கிறார்கள். சில பெரியவர்களுக்கு இது மனத்தாங்கல். மூன்று தலைமுறையாக நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த கையைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்கிறார்கள். கேட்கலாம் என்பதே எங்கள் கருத்து. சான்றிதழுக்குக் கட்டணம் உண்டு, பதிவேடு உண்டு, பயிற்சி உண்டு, இரண்டு பேர் நடத்தும் கடைக்கு அது சுமைதான். ஆனாலும் பெரிய நிறுவனத்திடம் கேட்ட கேள்வியை நம்மிடம் கேட்காதே என்று வாடிக்கையாளரிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தேநீரையும் பாருங்கள். சராபத் கடையில் தே தாரிக் என்றால் அடியில் பால் கெட்டியாக நிற்க வேண்டும் என்பது ஒரு காலம். இன்று 'சியூ டாய்', 'கோசோங்' என்று சீனி குறைத்தும் சீனியே இல்லாமலும் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எது? 2022 டிசம்பர் 30 முதல் அடைத்து விற்கும் பானங்களுக்கு நியூட்ரி-கிரேடு எழுத்து வந்தது. அடுத்த ஆண்டு, கடையில் கலக்கும் பானங்களுக்கும் வந்தது. 'டி' வாங்கிய பானத்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. அடைத்த பானங்களின் இடைநிலைச் சீனி அளவு 2017இல் 7.1 சதவீதம், 2023இல் 4.6 சதவீதம். சட்டம் ஒரு பக்கம் தள்ளியது, வாங்குகிறவர் நாக்கு மறுபக்கம் இழுத்தது. நாக்கு மாறாமல் சட்டம் மட்டும் வந்திருந்தால், கம்பெனிக்காரர்கள் எழுத்தை ஒட்டிவிட்டுப் பழையபடியே விற்றிருப்பார்கள் என்பது எங்கள் எண்ணம்.

எல்லா மாற்றமும் இப்படி இனிப்பைக் குறைப்பதோடு நிற்பதில்லை. நாணயமாற்றுத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். ராஃபிள்ஸ் பிளேசின் சேஞ்ச் ஆலி, 1989இல் அது மூடும் வரை நம்மவர்கள் குரல் கேட்ட சந்து. பிறகு ஆர்கேட், வட்டாரக் கடைத்தொகுதிகள் என்று அந்தத் தொழில் பரவியது. இந்தச் சங்கத்தில் எத்தனை பிள்ளைகளின் படிப்புச் செலவு அந்தக் கண்ணாடிக் கூண்டுகளிலிருந்து வந்தது என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். 2018இல் யூடிரிப் வந்தது. தொடர்ந்து வேறு செயலிகளும் வந்தன. இன்று ஜப்பானுக்குப் போகிற பிள்ளை கைப்பேசியிலேயே யென் மாற்றிக்கொண்டு விமானம் ஏறுகிறது. நம் வீட்டுப் பிள்ளையும்தான். நாணயமாற்றுக்காரர் மகனே செயலியில் மாற்றிக்கொண்டு போகும்போது யாரைக் குறை சொல்வது?

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள்: 'நம்மவர் கடையிலேயே வாங்குங்கள்'. அதைச் சொல்லப் போவதில்லை. 1858இல் தொடங்கிய ராபின்சன்ஸ், 2020 அக்டோபர் 30ஆம் தேதி கடையை மூடப் போவதாக அறிவித்தது. அதன்பிறகு வாசலில் வரிசை. அந்த வரிசையில் பாதி முன்பே வந்திருந்தால் கடை மூடியே இருக்காது என்று பலர் பேசிக்கொண்டார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. பாவம் பார்த்து வருகிறவர் ஒரு முறை வருவார். பால் வேண்டும் என்று வருகிறவர்தான் நாளைக்கும் வருவார்.

ஆனாலும் இதில் நமக்குப் போகக்கூடியது என்ன என்பதை மறைக்கவும் மாட்டோம். சங்கத்தின் பழைய மலர்களைப் புரட்டுங்கள். கட்டுரைகளைவிட விளம்பரப் பக்கங்களை நிதானமாகப் பாருங்கள். மளிகைக் கடை, புத்தகக் கடை, ஜவுளிக் கடை, நாணயமாற்று, சாப்பாட்டுக் கடை. அந்த விளம்பரத்தைப் பார்த்து யாரும் அரிசி வாங்கியதில்லை, கொடுத்தவர்களுக்கும் அது தெரியும். சங்கம் நடக்க வேண்டும் என்று கொடுத்தார்கள். கல்வி உதவிநிதிக்குக் கொடுத்தார்கள், கஞ்சிக்கு அரிசி மூட்டை அனுப்பினார்கள், ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்குக் கடையின் பின்னறையில் படுக்க இடம் கொடுத்தார்கள். செயலி எதுவும் நம் மலருக்குப் பக்கம் வாங்காது. சம்பளக்காரப் பிள்ளைகள் தாராளமாகத் தருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அரிசி மூட்டையும் பின்னறையும் அவர்களிடம் இல்லை.

2020இல் நோய்க் கட்டுப்பாட்டின்போது பள்ளிவாசல்கள் மூடியிருந்தன, ரமலான் சந்தை இல்லை. அப்போது எங்களில் சிலர் கஞ்சிச் சாமான்களை ஒரே பையில் கட்டி வாட்ஸ்அப்பில் கேட்டவர் வீட்டு வாசலில் வைத்தோம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பட்டை, கிராம்பு, தேங்காய்ப்பால். அளவு சொன்னது நாங்கள் இல்லை, முதல் வாரத்தில் வாங்கிய தாய்மார்கள். 'வெந்தயம் அதிகம், கசக்கிறது', 'என் மருமகள் சீனப் பெண், செய்முறை எழுதி வையுங்கள் தம்பி' என்று குரல்பதிவுகள் வந்தன. எழுதி வைத்தோம், ஆங்கிலத்திலும். அந்தப் பை இன்றும் ஒவ்வொரு ரமலானிலும் விற்கிறது. கேட்காமல் இருந்திருந்தால் முதல் வாரத்தோடு நின்றிருக்கும்.

சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகளிலும் இதைப் பார்த்தோம். 2021 டிசம்பரில் மின்னிலக்க முறையில் 100 வெள்ளி வந்தபோது, அதை வட்டாரக் கடைகளிலும் உணவங்காடிகளிலும்தான் செலவழிக்க முடிந்தது. 2023 ஜனவரியில் 300 வெள்ளி வந்தபோது பாதி பேரங்காடிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். மறுபாதியோடு புதிய முகங்கள் எங்களிடம் வந்தார்கள். சீட்டு தீர்ந்த பிறகும் சிலர் தொடர்ந்தார்கள். ஏன் என்று கேட்டோம். 'வாழையிலை இருக்கிறது', 'ஒற்றை முட்டை கொடுக்கிறீர்கள்', 'அம்மா உங்களிடம் பேசிவிட்டுத்தான் வருவார்' என்றார்கள். அதற்குப் பிறகு வாழையிலையை நாங்கள் நிறுத்தவே இல்லை.

ஆகவே, நம்மவர் கடைக்கு வந்தால் குறை சொல்லுங்கள். கேட்ட பொருள் இல்லையென்றால் 'பரவாயில்லை' என்று திரும்பாதீர்கள், எங்களுக்கு அந்த 'பரவாயில்லை'தான் பயம். '555' நோட்டு இன்னமும் கல்லாவில் இருக்கிறது. கடன் எழுதுவது குறைந்துவிட்டது. இப்போது அதில் எழுதுவது, நீங்கள் கேட்டு எங்களிடம் இல்லாதவை. போன வாரப் பக்கத்தில் இருப்பவை: சீனி சேர்க்காத பேரீச்சம்பழப் பாகு, ஒருவருக்கு மட்டும் போதுமான இடியாப்ப மாவு, சக்கர நாற்காலி நுழையும்படி வாசலில் ஒரு சரிவு, பெரிய எழுத்தில் விலைச்சீட்டு. விலைச்சீட்டு மாற்றியாகிவிட்டது. சரிவுக்கு நகர மன்றத்துக்கு எழுதியிருக்கிறோம். பேரீச்சம்பழப் பாகு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள், சாப்பிட்டு முடித்ததும் எங்களைப் பாருங்கள்.