வரப்பு கட்ட வந்த கலை



ஓர் ஓவியர் கிராமத்துக்குப் போகிறார். சில மாதம் தங்கி, மண்ணையும் மரத்தையும் வைத்து ஏதோ செய்கிறார். பிறகு நகரத்தில் கண்காட்சி, பத்திரிகையில் படம். அந்தக் கிராமத்துக்கு இதனால் என்ன கிடைத்தது? இதைக் கேட்காமல் இத்தகைய முயற்சிகளை மெச்சுவதில் எனக்கு விருப்பமில்லை. கேட்டுப் பார்க்கத் தோதான இடம் ஒன்று ஜப்பானில் இருக்கிறது.

நீகத்தா மாகாணத்தின் மலைப்பகுதியான எச்சிகோ-ட்சுமாரிதான் அந்த இடம். டோக்காமாச்சி நகரும் ட்சுனான் ஊரும் சேர்ந்து ஏறத்தாழ 760 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் மூன்று, நான்கு மீட்டர் உயரத்துக்குப் பனி விழும். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல் விளைவிக்கிறார்கள். பெரிய இயந்திரங்கள் ஏற முடியாத வயல்கள் பல. வரப்பைச் சீர்செய்யவும் புல் வெட்டவும் ஆள் வேண்டும். பிள்ளைகளோ வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஒரு படியில் சாகுபடி நின்றால் வரப்பு சரியும், தண்ணீர் தடம் மாறும், கீழே இருக்கிற வயலும் கெடும். அங்கே சூழலைக் காப்பது என்றால் முதலில் மண்வெட்டி பிடிக்க ஆள் வேண்டும்.

நீகத்தாவில் பிறந்த ஃபிராம் கிட்டகாவா என்பவர், இந்த ஊர்களுக்குக் கலைஞர்களை அழைத்துவந்து வேலை செய்ய வைக்கலாம் என்றார். பொதுப்பணத்தில் இதெல்லாம் எதற்கு என்று உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. நியாயமான எதிர்ப்புதான். அதைத் தாண்டி 2000-ஆம் ஆண்டில் முதல் கலைவிழா நடந்தது. அன்றிலிருந்து மூன்றாண்டுக்கு ஒரு முறை என்பது கணக்கு. கொரோனாவால் 2021-இன் விழா மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

முதல் விழாவுக்கு வந்தவர்களில் இல்யா கபகோவும் அவர் மனைவி எமிலியாவும் உண்டு. சோவியத் நாட்டிலிருந்து வெளியேறியவர்கள். மட்சுதாய் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சரிவில் உள்ள படிவயல்களில், உழுகிற, விதைக்கிற, நடுகிற மனிதர்களின் உருவங்களை நீலத்திலும் மஞ்சளிலும் வெட்டி நிறுத்த அவர்கள் எண்ணினார்கள். முன்னோர் விட்டுப்போன நிலத்தில் இதையெல்லாம் வைக்க விடமாட்டேன் என்று வயல்காரர் முதலில் மறுத்துவிட்டார். கபகோவ் போட்டுக்காட்டிய திட்டத்தில் தம் உழைப்புக்கு மரியாதை இருப்பதைக் கண்ட பிறகே சம்மதித்தார். விவசாயத்தையே விட்டுவிடலாம் என்றிருந்த அந்த மனிதர், சிற்பங்கள் வந்தபின் மேலும் சில ஆண்டுகள் பயிரிட்டார். அவரால் முடியாமல் போனபோது விழாவை நடத்துகிற அமைப்பே வயலை ஏற்று நடவு செய்தது. இல்யா கபகோவ் 2023-இல் காலமானார். அவருடைய சிற்பங்களைச் சுற்றி நெல் விளைந்துகொண்டிருக்கிறது.

இதைத்தான் நான் வெற்றி என்பேன். சிற்பம் அழகா இல்லையா என்பது அப்புறம். அது நிற்கும் இடம் வயலாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அந்தப் படைப்பு உண்டாக்கிவிட்டது. வயல் தரிசானால் படைப்பும் போயிற்று.

இதன் தொடர்ச்சியாக நகரத்துக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு தொகை கட்டி ஒரு துண்டு வயலுக்குப் புரவலராகலாம். விளைச்சலில் அவர்களுக்கு அரிசி உண்டு. 2015-இல் விழா அமைப்பினர் ஒரு பெண்கள் கால்பந்து அணியே தொடங்கினார்கள். வீராங்கனைகள் அங்கே குடியேறி, பந்தும் ஆடுகிறார்கள், படிவயலிலும் இறங்குகிறார்கள். கால்பந்தும் கலைக்கணக்கில் வருமா என்று கேட்பீர்கள். வரப்பு கட்ட ஆள் வந்ததே, விடுங்கள்!

ஆள் போன வீடுகளும் பள்ளிகளும் இதேபோலக் கலைஞர்கள் கைக்கு வந்தன. 2005-இல் மூடிய ஒரு தொடக்கப்பள்ளியில், கடைசியாகப் படித்த மூன்று பிள்ளைகளையே பாத்திரங்களாக்கி, கரையொதுங்கிய மரத்துண்டுகளாலும் காய்களாலும் கட்டடம் முழுக்க ஒரு கதையை அமைத்தார் படக்கதை ஓவியர் செய்ஸோ தாஷிமா. ஆஸ்திரேலியக் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்ய, 2009-இல் பழைய பண்ணைவீடு ஒன்றைத் திருத்திக் கொடுத்தார்கள். 2011 மார்ச் நிலநடுக்கத்தில் அது இடிந்தது. மறு ஆண்டே புது வீடு எழும்பிவிட்டது.

எல்லாமே இப்படி வேரூன்றியதாகச் சொல்ல மாட்டேன். கியோட்சு பள்ளத்தாக்குச் சுரங்கப்பாதையில் 2018-இல் செய்த ஒளி அமைப்பு கண்ணைக் கவர்கிறது. கூட்டம் படமெடுக்க அலைமோதுகிறது. ஆனால் அதைப் பார்க்க வருபவருக்கு நெல்லோடு எந்தத் தொடர்பும் வேண்டியதில்லை. இருபது ஆண்டுக்கு மேல் விழா நடந்தும் அந்த ஊர்களின் மக்கள்தொகை குறைந்துகொண்டுதான் போகிறது. கலையால் அதைத் தடுக்க முடியவில்லை. அதைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பதும் கலையின் தலையில் அரசின் சுமையை ஏற்றுவதாகும்.

ஜப்பான் போகும் வாய்ப்புள்ளவர்கள் விழா ஆண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பல படைப்புகள் நிரந்தரமாகவே அங்கு இருக்கின்றன. நெற்பயிர் நிற்கும் பருவமாகப் பார்த்து ஹொக்குஹொக்கு ரயிலில் ஏறி மட்சுதாயில் இறங்குங்கள். கபகோவின் வயல், நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.