ஓரத்தில் நின்றவன்



பெரிய நெகட்டிவிலிருந்து படம் போட எந்த லென்ஸ் வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தப்பை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

1976-ல் எங்கள் வகுப்பு குரூப் போட்டோ எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஹாஃப் பிளேட் நெகட்டிவ். நாலே முக்காலுக்கு ஆறரை அங்குலம். பின்வரிசையில் கடைசி ஆள் நம்ம வெம்பக்கோட்டைக்காரன். பெயரை விட்டுவிட்டு ஊரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவோம். படிப்பு முடித்துப் பட்டாசு ஆலைக்குக் கணக்கு எழுதப் போனான். ஒரு வெடிவிபத்தில் போய்விட்டான். அவனுக்கு வேறு போட்டோவே கிடையாது.

அவன் அம்மா கேட்டதால் அந்த நெகட்டிவைத் தேடி வாங்கினேன். கான்டாக்ட் பிரிண்டில் முகம் மிளகு அளவுதான் இருந்தது. பழைய ஹாஃப் பிளேட் கேமராவையே படுக்கவைத்து, பின்னால் பால்கண்ணாடியும் பல்பும் வைத்து என்லார்ஜர் ஆக்கினேன். என்னிடம் இருந்த 105 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, இரண்டு மடங்கு பெரிதாக்கி, வெம்பக்கோட்டைக்கு எடுத்துப்போனேன்.

அந்தம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "நடுவுல சாரெல்லாம் நல்லாத் தெரியுறாக. எம் புள்ளையத்தான் காணலியேய்யா" என்றார்.

மூலை இருண்டு, கலங்கிப் போயிருந்தது. காரணம் சின்னக் கணக்குதான். ஹாஃப் பிளேட்டின் மூலைக்கு மூலை நீளம் சுமார் 204 மி.மீ. லென்ஸின் குவியத்தூரமும் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். 105 மி.மீ. என்பது 6×9 செ.மீ. ரோல் பிலிமுக்குப் போதும். 4×5 அங்குலத்துக்கு 150, ஹாஃப் பிளேட்டுக்கு 210, 8×10-க்கு 300 என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் சிவகாசியில் ஒரு லித்தோ ஆபீஸில் இருந்தேன். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் படம்பிடிக்கும் பிராசஸ் கேமராவின் உபரி லென்ஸ் ஒன்று அங்கே கிடந்தது: 240 மி.மீ., எஃப் 9. முதலாளியிடம் கேட்டு ஒரு ராத்திரிக்கு வாங்கிவந்தேன். அந்த லென்ஸ், தட்டையான படத்தை அதே அளவில் ஓரம் கெடாமல் எடுப்பதற்கென்றே செய்தது. அதனால் இரண்டு மடங்குக்கு அருமையாக உழைக்கும். எட்டு, பத்து மடங்கு என்றால் அதற்கென்றே செய்த என்லார்ஜிங் லென்ஸ்தான் சரி.

நெகட்டிவுக்கும் லென்ஸுக்கும் 36 செ.மீ., லென்ஸுக்கும் பேப்பருக்கும் 72 செ.மீ. மூன்றும் இணையாக நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நெகட்டிவ் வளையாமல் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்தேன். எஃப் 16-ல் வைத்து, நேரம் கூட்டிக் கொடுத்தேன். ரொம்பச் சுருக்கினாலும் படம் மொத்தமும் மழுங்கும், கவனம்.

டெவலப்பர் தட்டில் அவன் முகம் மெதுவாக வந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் படம் கடைசிவரை அந்தம்மா வீட்டுச் சுவரில் இருந்தது.

தம்பிகளா, பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு படம் போட்டு, மூலையைப் பாருங்கள். நடுவை எந்த லென்ஸும் காட்டிவிடும்.

நண்பர்களே, 2022 முதல் வெம்பக்கோட்டையில் வைப்பாற்றங்கரை மண்ணைத் தோண்டிச் சங்குவளைத் துண்டுகளை எடுத்தார்கள். நம் வீட்டு பீரோவில் கிடக்கும் நெகட்டிவ்களை நாமும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். கொண்டுவாருங்கள், போட்டுத் தருகிறேன்.