நாய் குளிச்ச தண்ணி எங்கே போகுது?

(கூட்டமைப்பின் தொழில் பயிற்சிக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடு, மாடு, தையல், மசாலாப் பொடின்னுதான் நம்ம கூட்டமைப்புக்குக் கடன் விண்ணப்பம் வரும். இந்த முறை ரெண்டு குழுவிலிருந்து புதுசா ஒண்ணு வந்திருக்கு. டவுனில் வீட்டு நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் வெட்டி விடுற தொழில். "நாயைக் குளிப்பாட்டக்கூடவா காசு குடுப்பாங்க?"ன்னு சில பேர் சிரிச்சீங்க. குடுக்கிறாங்கம்மா. நல்ல தொழில்தான். ஆனால் விண்ணப்பத்தில் முடி வெட்டுற மிஷினுக்கு விலை இருக்கு, ஷாம்புக்கு விலை இருக்கு, கழிவை என்ன செய்யப் போறீங்க என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன். ஆடு மாடு வச்சிருக்கிற அக்காமார்களும் எழுந்து போகாதீங்க, பாதி விஷயம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் தண்ணி. வெறும் ஷாம்புத் தண்ணியைவிட எனக்குப் பயம் உண்ணி மருந்து கலந்த தண்ணிதான். பாட்டிலில் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின்னு பேர் போட்டிருக்கும். உண்ணியைக் கொல்ற இந்த மருந்து மீனுக்கும் தேனீக்கும் கடுமையான விஷம். ரொம்பக் கொஞ்சமே போதும், மீன் செத்து மிதக்கும். நம்ம பக்கத்தில் சாக்கடைத் தண்ணி எங்கே போகுது? வாய்க்காலுக்கு. வாய்க்கால் எங்கே போகுது? கண்மாய்க்கு. அந்தக் கண்மாயில் மீன் குத்தகை எடுத்தது பக்கத்து ஊர்க் குழுவாகவே இருக்கலாம். அவங்களும் கடன் வாங்கித்தானே குஞ்சு விட்டிருப்பாங்க?

நீர்நிலையில் விஷப்பொருளைக் கலக்கக் கூடாது என்று 1974-ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டமே சொல்லுது. அதனால் மருந்தை லேபிளில் போட்ட அளவுப்படி, அன்னைக்கு வர்ற நாய்க்கு வேண்டிய மட்டும் கலக்குங்க. டிரம் நிறைய கலந்து வச்சாத்தான் மிச்சம் வரும். கழுவுற தண்ணியை மழைநீர் வடிகாலில் விடவே கூடாது. டவுனில் பாதாளச் சாக்கடை இருந்தால், கடைக்கு இணைப்பு வேணும்னு நகராட்சியில் எழுதிக் கேளுங்க. அது இல்லாத இடத்தில், கிணறு, போர்வெல், வாய்க்கால் எல்லாத்துக்கும் 50 அடியாவது தள்ளி உறிஞ்சுகுழி எங்கே போடலாம்னு ஊராட்சியில் கேட்டுச் செய்யுங்க. இந்த மருந்து மண்ணில் ஒட்டிக்கும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்லச் சிதைச்சிடும். தண்ணிக்குள்ள போனாத்தான் ஆபத்து. இன்னொண்ணு, உண்ணிக்கு மாத்திரையும் கழுத்தில் விடுற சொட்டு மருந்தும் வந்திருக்கு. கால்நடை மருத்துவரைக் கேட்டு அதைக் கொடுக்கச் சொன்னால், மருந்துத் தண்ணி பிரச்சனையே பாதி குறையும்.

காலி மருந்து பாட்டிலைக் கழுவி எண்ணெய் ஊத்தி வைக்கிற பழக்கம் நம்ம வீடுகளில் இன்னும் இருக்கு. தயவுசெய்து வேண்டாம். ஓட்டை போட்டுத் தனியா கட்டி வைங்க.

அடுத்தது முடி. நோயில்லாத, மருந்து படாத நாய் முடியில் தழைச்சத்து நிறைய. பொடிசா வெட்டி உரக்குழியில் போடலாம், மக்கத்தான் நாளாகும். சாக்கடையில் மட்டும் போகக் கூடாது, அடைச்சிக்கும். தண்ணி போற வாயில் ஒரு சல்லடை வச்சால் போதும். ஆனால் படர்தாமரை வந்த நாயின் முடி வேற கதை. அந்தக் கிருமி முடியில் மாசக்கணக்கில் உயிரோட இருக்கும். அதை உரக்குழியில் போடாமல், கையுறை போட்டு எடுத்து, பையில் இறுக்கிக் கட்டிக் கொடுங்க. உண்ணியை நசுக்காதீங்க, தெருவில் கூட்டியும் தள்ளாதீங்க. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். சோப்புத் தண்ணி டப்பாவில் போட்டு மூடிடுங்க.

"எல்லாத்தையும் சேர்த்துக் கொளுத்திட்டா என்ன?"ன்னு போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்தினால் 5,000 ரூபாய், பெரிய அளவில் கொளுத்தினால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கு. உங்க ஒரு வாரச் சம்பாத்தியம் அதில் போயிடும்.

இப்போ ஊசியும் பிளேடும். இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. நம்ம வீட்டுக் குப்பையை எடுக்க வர்ற தூய்மைக் காவலர் யாரு? பல ஊரில் நம்ம குழுவில் சந்தா கட்டுற அக்காதான். அவங்க கையைவிட்டுத்தான் தரம் பிரிக்கிறாங்க. நீங்க பையோட சேர்த்து எறியுற ஊசி அந்தக் கையில்தான் குத்தும்.

ஊசி போடுறது நம்ம வேலையே இல்லை, அது மருத்துவர் வேலை. கடைக்கோ தொழுவத்துக்கோ மருத்துவர் வந்து போட்டால், "ஊசியை எடுத்துட்டுப் போங்க சார்"ன்னு தைரியமா சொல்லுங்க. 2016-ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகள் மனுஷங்க ஆஸ்பத்திரிக்கு மட்டும் இல்லை, கால்நடை மருத்துவமனைக்கும் சேர்த்துத்தான். ஊசியைக் குத்தினால் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் போடணும் என்று அதிலேயே இருக்கு. உங்க பழைய பிளேடை, மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேருங்க. முக்கால் பங்கு நிறைஞ்சதும் மூடி, டேப் ஒட்டி, "கூர்மையான பொருள்"னு எழுதி, குப்பையோட கலக்காமல் தூய்மைக் காவலர் அக்காகிட்ட சொல்லி, தனியா கொடுங்க.

நாய் மலத்தைக் காய்கறிக்குப் போடுற உரத்தில் சேர்க்கக் கூடாது. அதிலுள்ள புழு முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறிடும். தனிக் குழி எடுத்து மண் போட்டு மூடுங்க.

சல்லடை, மூடி போட்ட ரெண்டு வாளி, கையுறை, பிளேடு டப்பா, உறிஞ்சுகுழிச் செலவு, இது எல்லாத்தையும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்து எழுதுங்க. கடனிலேயே வாங்கிக்கலாம். விண்ணப்பம் கொடுத்த ரெண்டு குழுவும், கடைத் தண்ணி எந்த வழியா எங்கே போகுதுன்னு நேரில் நடந்து பார்த்து, ஒரு படம் வரைஞ்சு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நான் பரிந்துரைக் கையெழுத்துப் போடுவேன்.