ஆயரின் கணக்கு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிறவர்கள் பெருமுக்கல் மலையைப் பார்த்திருப்பீர்கள். அந்த மலைப் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள் பொழுது சாய்ந்து பட்டியில் அடைக்கும்போது தலையை எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தால் சோறு இறங்காது. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் காட்டுக்குள் போவார்கள். மேய்ப்பவரைத் தமிழ் ஆயர் என்கிறது. கத்தோலிக்கர்கள் தங்கள் மேற்றிராணியாரையும் ஆயர் என்றே அழைக்கிறார்கள். அப்படி எண்ணிப் பார்த்த ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இலங்கையின் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, 1940-ல் நெடுந்தீவில் பிறந்தவர். 1992 முதல் 2016 வரை அந்த மறைமாவட்டத்தின் பொறுப்பு அவரிடம் இருந்தது. உள்நாட்டுப் போரில் துப்பாக்கி அங்கே இறை ஊழியர்களையும் விட்டுவைக்கவில்லை. 1984 டிசம்பரில் மெதடிஸ்த போதகர் ஜெயராஜசிங்கம், அடுத்த மாதமே வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்டியன் என இருவர் கொல்லப்பட்டார்கள். 1999 நவம்பரில் மடுமாதா கோயில் வளாகத்தில் எறிகணை விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் சுமார் நாற்பது பேர் மாண்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் என்ன ஆறுதல் சொல்வது? ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்’ என்று ஜெபித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையின் உடல்கூடக் கிடைக்காத தாய் இரங்கல் பூசை வைப்பதா, வாசலைப் பார்த்துக் காத்திருப்பதா?

போர் முடிந்தபின் இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2011 ஜனவரியில் மன்னாருக்கு வந்தது. ஆயர் அதன் முன் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. கச்சேரி என்கிற அரசு மாவட்ட அலுவலகங்களின் பதிவின்படி, 2008 அக்டோபரில், கடைசிப் போர் நடந்த வன்னிப் பகுதியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். ஐ.நா. கணக்கின்படி 2009 ஜூலைக்குள் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று?

கவனியுங்கள்: அத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. என்ன ஆனார்கள் என்றுதான் கேட்டார். இரண்டு எண்களும் அவர் வீட்டில் எழுதியவை அல்ல. ஒன்று அரசாங்கத்தின் ஏட்டில் இருந்தது, மற்றது ஐ.நா.வுடையது. பதில் வரவில்லை. 2012-ல் குற்றப் புலனாய்வுத் துறையினர் ஆயரிடமே வந்து விசாரித்தார்கள். அவர் எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால், அவர் வைத்த மிகப் பெரிய இரங்கல் பூசை அந்தக் கழித்தல் கணக்குதான்.

2021 ஏப்ரல் 1, பெரிய வியாழன் அன்று அவர் காலமானார். மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து வருகிற யாராவது, காணாமல்போன தன் அண்ணனைப் பற்றியோ மகனைப் பற்றியோ பேச்செடுத்தால், வேலை இருக்கிறது என்று நகர்ந்துவிடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.