தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே சுரப்பி

கழுத்தின் முன்பக்கம், வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, சிலருக்கு ஆள் தெரியாமல் இந்தச் சுரப்பியையே தாக்கும். 1912-இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் இந்த நோயை விவரித்து எழுதிவைத்தார். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

இப்படித் தாக்கப்பட்ட சுரப்பியும் சாதாரண நாளில் சிலருக்கு எப்படியோ சமாளித்துவிடும். கர்ப்பத்தில்தான் திணறும். முதல் மூன்று மாதம் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத் தாய்தான் தைராய்டு ஹார்மோன் தரவேண்டும். ஒரு பர்னர் பழுதான அடுப்பு, வீட்டிலோ திடீர் விருந்து. அந்தக் கதைதான்! பற்றாக்குறையைக் கவனிக்காமல் விட்டால் கருச்சிதைவு, குறைப்பிரசவ ஆபத்து கூடும்.

இந்தப் பற்றாக்குறைக்கு ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கர்ப்பம் என்று தெரிந்த உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்டுவார். "பிள்ளைக்கு ஆகாதும்மா" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். நீங்கள் நிறுத்தாதீர்கள். நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

தைராய்டு மாத்திரை காலையில், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. காபி அப்புறம். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் நாலு மணி நேரம் தள்ளி. சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

பிரசவத்துக்குப் பிறகும் இந்தச் சுரப்பி சிலருக்குத் தகராறு செய்யும். படபடப்பு, தீராத அசதி, காரணமில்லாத அழுகை. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.